ஒன்பது மாதக் கணக்கு

2021 ஜனவரி 5
ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். "கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் இன்றைக்கே." படித்துப் பார்த்தேன்: சொந்த விருப்பத்தில் விலகுகிறேனாம். போடவில்லை. தானாக விலகியவனுக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதியில் ஒரு காசும் கிடையாது; ஆட்குறைப்பு என்று கடிதத்தில் இருக்க வேண்டும். அதற்காக மாதாமாதம் மூன்றரை வெள்ளி பிடித்தபோது எங்கள் பேக்கிங் பிரிவில் எதற்கென்று யார் கேட்டார்கள்?

ஜனவரி 13
ஜொகூரில் இன்று முதல் மறுபடி கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. கடிதம் வந்துவிட்டது. ஆட்குறைப்புதான். 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும்.

ஜனவரி 28
தைப்பூசம். காவடி இல்லை.

பிப்ரவரி 19
காப்புறுதிப் பணம் ஏறிவிட்டது! முன்பெல்லாம் ஆறு மாதம்தான். இந்த வருஷ பட்ஜெட்டில் மூன்று மாதம் கூட்டியிருக்கிறார்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த ஐந்து மாதம் 50, கடைசி மூன்று மாதம் 30. என் 1,800 வெள்ளிக்கு 1,440, 900, அப்புறம் 540. வாடகை 600.

ஏப்ரல் 11
எதிர்வீட்டு அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கே மோட்டாரை முறுக்கிக்கொண்டு சிங்கப்பூர் போனவர். சம்பளத்தை மூன்றால் பெருக்கித்தான் சொல்லுவார், கேட்க எரிச்சலாக இருக்கும். போன வருஷம் மார்ச் 18-இல் பாலம் அடைத்ததோடு எல்லாம் போச்சு. அங்கே வேலை செய்தவருக்கு இங்கே சொக்சோ பிடித்தம் இல்லை.

"தம்பி, ஒனக்கு எவ்வளவு வருது?"

"கொஞ்சம்தான் அண்ணே."

"அந்தக் கொஞ்சத்துக்கும் எனக்கு ஃபாரம் இல்லையே."

அவர் வீட்டு அக்கா இட்லி அவித்து விற்கிறார். ஆர்டர் நாலைந்து வருகிறதாம். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேங்க் மெசேஜைத் திறந்தேன்.

ஜூன் 1
நாடு முழுக்க முடக்கம்.

ஜூலை 3
பசிக்கிறவர்கள் வெள்ளைக்கொடி கட்டச் சொல்லி ஃபேஸ்புக் முழுக்கச் செய்தி. எதிர்வீட்டுக் கம்பியில் காலையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி தொங்கியது. துவைத்துப் போட்டதா, கட்டியதா? எப்படிக் கேட்பது? என் மனைவி அங்கே இருபது இட்லி வாங்கி வந்தாள். பசியாறியும் மிச்சம். சாயங்காலம் வேட்டியை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 20
540 வந்தது.

ஆகஸ்ட் 24
செக்யூரிட்டி வேலைக்குப் போன் வந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அடிப்படை 1,200. அதாவது சட்டப்படியான குறைந்தபட்சம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதிர்வீட்டு அண்ணன் நம்பரையும் கொடுத்தேன். ஒரு ஆள்தான் வேண்டுமாம்.