செய்கூலியும் சேதாரமும்

நகைக்கடைக்குச் செல்கையில், செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை விழுக்காடு என்று கேட்டறியாமல் நம்மில் எவரும் பணப்பையைத் திறப்பதில்லை. மோட்டார்ப் பட்டறைக்குச் சென்றால் மட்டும் வாயடைத்துப் போகிறோம். நீட்டிய தாளில் கண்ட தொகையைக் கட்டிவிட்டு, வீடு வந்தபின் வயிறெரிகிறோம். அண்மையில் நம் சிற்றுந்தின் பிரேக் தேய்ந்துபோனபோது நேர்ந்த அனுபவம் இவ்விரு சொற்களையும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தந்தது. வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படக்கூடும். நம் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருக்கிறது. ஆகவே இதனை எழுதுகிறோம்.

நாம் வாழ்வது நாமக்கல்லில். தொழில், கல்லூரியில் தமிழ் கற்பித்தல். ஓரியின் கொல்லிமலை கூப்பிடு தொலைவில் இருப்பதால், விடுமுறை என்றால் வண்டி தானாகவே அத்திசையில் திரும்பும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது பிரேக்கின் வேலை. அன்று அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு, துணைவியாரும் மகளும் உடனிருக்க, இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வளைவுகளைக் கடந்திருப்போம். மிதியை அழுத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கியது. ஏதோ கருகும் வாடை வந்தது. அடுத்த வளைவில், எப்போதும் பாதியிலேயே பிடிக்கும் மிதி, பஞ்சில் கால் வைத்தாற்போல் உள்ளே போயிற்று. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, சாலை அகன்றிருந்த ஓரிடத்தில் நிறுத்தினோம். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேளாமலிருந்ததுதான் நம்மை மிகவும் வருத்திற்று.

ஏனெனில், எச்சரிக்கை வராமலில்லை. மூன்று வாரங்களாகவே முன்சக்கரத்திலிருந்து ஒரு கீச்சொலி வந்துகொண்டிருந்தது. பல வண்டிகளின் பிரேக் பேடில் சிறு உலோக நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பேடின் உராய்வுப் பகுதி தேய்ந்து மெலிந்ததும் அந்நாக்கு சுழலும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்தது அது. நாமோ வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டோம்.

அரைமணி நேரம் சூடு ஆறவிட்டு, தாழ்ந்த கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். மறுநாள் பெயர்பெற்ற பெரிய பட்டறை ஒன்றுக்கு வண்டியை ஓட்டிச் சென்றோம். குளிரூட்டிய அறை, தேநீர், கணினியில் அச்சிட்ட மதிப்பீடு. முன்சக்கரப் பேடுகள் 2,400 ரூபாய், டிஸ்க்குகள் இரண்டும் 5,800, பிரேக் சுத்திகரிப்பும் மேற்பூச்சும் 1,900, பின்சக்கர டிரம் வேலை 2,100, கூலி 2,600. கூட்டினால் 14,800. அதன்மேல் 18 விழுக்காடு வரி 2,664. ஆக 17,464 ரூபாய். "குடும்பத்தோட போற வண்டி, பிரேக்ல ரிஸ்க் எடுக்காதீங்க சார்" என்றார் வரவேற்பிலிருந்த இளைஞர். முந்தைய நாள் மலையில் நின்றிருந்த நமக்கு அச்சொல் தைத்தது. அச்சத்தின்மேல் போடப்படும் விலைக்குப் பேரம் பேச முடிவதில்லை. 'யோசித்துச் சொல்கிறோம்' என்று எழுந்து வந்ததே அன்று நாம் செய்த ஒரே நற்செயல்.

நாமக்கல் லாரிகளின் ஊர். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் நடுவே, தகரக் கொட்டகையில், கார்வேலை பார்க்கும் ஒருவரை உடன் பணியாற்றும் நண்பர் காட்டினார். ஐம்பதைக் கடந்தவர், இளமையில் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். மதிப்பீட்டுத் தாளை அவரிடம் நீட்டினோம். 'எல்லாம் ஏமாற்று' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு. அவர் தாளை வாங்கவில்லை, ஜாக்கியை எடுத்தார்.

சக்கரங்களைக் கழற்றி, பேடுகளை நம் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கத்துப் பேடில் 3 மில்லிமீட்டர் இருந்தது. உட்பக்கத்ததில் ஒன்றுகூட இல்லை. காலிப்பர் நகர வேண்டிய பின் துருவேறி இறுகியதால் ஒருபக்கமே தேய்ந்திருக்கிறது என்றார். பிறகு டிஸ்க்கின் விளிம்பைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். இதற்குக் கீழே தேயக்கூடாது என்று செய்தவர்களே இட்ட வரம்பு அது. நம் வண்டிக்கு 15 மில்லிமீட்டர். அளவுகோலை வைத்தார், ஒன்று 14.7, மற்றொன்று 14.9.

"தடிமன் இருந்தா லேத்துல குடுத்து ஒரு பேஸ் எடுத்துக்கலாமுங்க சார். இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மாத்தித்தான் ஆகணும். அவங்க சொன்னது சரிதானுங்க."

நமக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. பிறர் பொய்யராக இருந்தால் நம் கோபம் எத்தனை வசதியாக இருந்திருக்கும்! பின்சக்கர டிரம்மையும் திறந்து பார்த்தார். ஷூவில் பாதிக்குமேல் மீதமிருந்தது, அவ்வேலை தேவையில்லை. மேற்பூச்சும் தேவையில்லை. பிரேக் ஆயில் மட்டும் கறுத்திருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஆயில் மலையிறக்கச் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், மிதி பஞ்சாகும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். நாம் ஐந்தாண்டுகளாக மாற்றவில்லை.

"பார்ட்ஸ நீங்களே வாங்கிட்டு வந்துருங்க சார்" என்றார். கடையில் அதே நிறுவன முத்திரையும் அதே பாக எண்ணும் கொண்ட பேடுப் பெட்டியில் அச்சிட்டிருந்த விலை 1,950. டிஸ்க் ஒன்று 2,150. பெட்டியின்மேல் உள்ள அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்குமேல் விற்கக்கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 28 விழுக்காடாக இருந்த வரியும் 18 ஆகியிருக்கிறது. நாம் 6,250க்கு வாங்கிய அதே பொருள்கள், அம்மதிப்பீட்டில் வரியோடு 9,676. பழுதைக் கண்டது உண்மை, விலையில் உண்மையில்லை. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டிருந்ததுதான் நம்மைக் குழப்பியது.

இனி, நம் பிழை. பொருள்களோடு 350 ரூபாய்க்கு ஆயிலும் வாங்கிவந்து கூலி கேட்டோம். "தொள்ளாயிரமுங்க" என்றார். ஏறத்தாழப் பத்தாயிரம் மிச்சமாகும் மகிழ்ச்சியில் இருந்த நாம், பழக்கதோஷத்தில், "எழுநூறு வச்சுக்கங்கண்ணா" என்றோம்.

அவர் காலிப்பர் பின்னைத் துருபோகத் தேய்த்துக்கொண்டே, "அங்க கூலி எவ்வளவு போட்டிருந்தாங்க சார்?" என்று கேட்டார்.

"இரண்டாயிரத்து அறுநூறு."

அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை, வேலையைத் தொடர்ந்தார்.

அவ்வாரந்தான் வகுப்பில் பட்டினப்பாலை நடத்தியிருந்தோம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையை உருத்திரங்கண்ணனார் பேசுமிடத்தில், கொள்வதிலும் மிகைகூடாது, கொடுப்பதிலும் குறைகூடாது என்ற இருமுனைகளையும் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தோம். பெரிய பட்டறையின் தாளைக் கண்டபோது அப்பகுதி நினைவுக்கு வந்தது. தகரக் கொட்டகையில் வரவில்லை. குளிரூட்டிய அறையில் கூலியைக் குறைக்கச் சொல்ல நமக்கு நாவெழவில்லை. கையில் மசகோடு நிற்பவரிடம் மட்டும் எழுந்தது. ஆண்டுதோறும் நடத்தும் பாடம் அன்றைக்குத்தான் நம்மைக் குறித்தது என்று உணர்ந்தோம். தொள்ளாயிரமே கொடுத்தோம். பேசியதைத் திரும்பப் பெற முடியவில்லை.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன், மிதியைப் பலமுறை அழுத்தி இறுக வைத்தார். புதுப் பேடு போடுகையில் பிஸ்டன் பின்னே தள்ளப்படுவதால், முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீரென அழுத்தி நிறுத்தாமல் பதமாக ஓட்டச் சொன்னார். பழைய பேடுகளையும் டிஸ்க்குகளையும் புதுப்பெட்டிகளிலேயே வைத்து, நாம் கேளாமலே தந்தார்.

அன்பர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சிலவே. தேய்ந்ததைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பேடுகளும் டிஸ்க்குகளும் இருபுறமும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம்பிடிக்க எண்ண வேண்டாம். பெட்டியின் விலையைப் பார்த்த பிறகு மதிப்பீட்டைப் பாருங்கள். சேதாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். செய்கூலியில் கைவைக்கும் முன் ஒருகணம் தயங்குங்கள்.

சென்ற மாதம் மீண்டும் கொல்லிமலைக்குப் போய்வந்தோம். ஏறிய கியரிலேயே இறங்கினோம். மகள் பாட்டு வைக்கக் கை நீட்டினாள். அடிவாரம் வரட்டும் என்றோம். 70 வளைவுகளுக்கும் வானொலியை அணைத்துவிட்டு, சக்கரங்களைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.