பாதி கிழிந்த இரண்டு சொற்கள்



சில மாதங்களுக்கு முன் எனது வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டேன். கிழிந்த பழுப்பு நிறத் துண்டு ஒன்று. பைபிளின் மிகப் பழைய பிரதி கிடைத்துவிட்டது, இன்றைய பைபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கீழே எழுதியிருந்தது. யாரோ அனுப்பியது. நான் தேடிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன் நான்.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில், என்னோடு படிப்பிக்கும் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சேர், அந்தத் துண்டில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்தீங்களா?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். கோபப்படவில்லை. அதுதான் சுட்டது.

அன்றிரவு உட்கார்ந்து வாசித்தேன். அந்தத் துண்டு இங்கிலாந்தில், மன்செஸ்டர் ஜோன் ரைலன்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. 1920இல் எகிப்தில் வாங்கப்பட்ட பப்பைரஸ் துண்டுகளில் ஒன்று. கொலின் ரொபர்ட்ஸ் என்ற அறிஞர் அதை அடையாளம் கண்டு 1935இல் வெளியிட்டார். உயரம் 8.9 சென்ரிமீற்றர், அகலம் 6 சென்ரிமீற்றர். நமது வங்கி அட்டையை விடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து, பக்கத்துக்கு 7 வரி. ஒரு வரிகூட முழுதாக இல்லை. இரு பக்கமும் எழுதியிருப்பதால், சுருளாக இல்லாமல் புத்தகமாகக் கட்டிய பிரதியின் தாள் அது என்று தெரிகிறது.

அதில் இருப்பது யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் சில வரிகள். ரோம ஆளுநர் பிலாத்து, ஈஸா (அலை) அவர்களை விசாரிப்பதாக வரும் இடம். எஞ்சிய எழுத்துகள் இன்று கிறிஸ்தவர்கள் வாசிக்கும் வசனங்களோடு பொருந்துகின்றன. ஓரிரு சொற்களின் எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. ஆக, நான் பரப்பியது பொய்.

காலையில் டீச்சரிடம் போய், பார்க்காமல் போட்டது என் பிழை என்றேன். அவர் சிரித்தார். "எங்கட ஆக்களும் இதே துண்டைக் காட்டித்தான் சேர், முழுப் பைபிளிலயும் ஒரு எழுத்தும் மாறேல்ல எண்டு அனுப்புறவங்க."

அதுவும் அந்தத் துண்டு தாங்காத சுமைதான். சில வசனங்களின் துண்டு ஒரு முழு நூலுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அதன் வயதும் அப்படித்தான். கையெழுத்தின் பாணியை வைத்து இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று ரொபர்ட்ஸ் கணித்தார். கையெழுத்தை மட்டும் வைத்து அவ்வளவு குறுக்க முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடப் போகலாம் என்று 2005இல் பிரென்ட் நொங்பிரி எழுதினார். ஆனால் நமக்கு வரும் மெசேஜ்களில் ஒரே ஒரு ஆண்டுதான் இருக்கும், அதுவும் சந்தேகமே இல்லாமல்.

இஞ்ஜீல் பற்றிய எனது ஈமான் அந்தத் துண்டில் தங்கியிருக்கவில்லை. டீச்சரின் நம்பிக்கையும் அதில் தங்கியிருக்காது. ஆனால் அதைப் பற்றி நான் சொல்லும் வார்த்தை அமானிதம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஸூரத்துல் ஹுஜுராத்தை ஓதுகிறோம். அந்தக் கட்டளை நமக்குச் சாதகமான செய்திக்கும் சேர்த்துத்தானே?

ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. பின்பக்கத்தில் 'சாட்சி' என்பதற்கான கிரேக்கச் சொல் பாதியில் கிழிந்திருக்கிறது. அடுத்த வரியில் 'உண்மை' என்ற சொல்லும் கடைசி எழுத்துகள் இல்லாமல் நிற்கிறது. அதற்கடுத்து, உண்மை என்றால் என்ன என்று பிலாத்து கேட்கும் இடம். "அவரிடம் சொல்கிறான்" என்பதோடு அந்த வரி முடிகிறது. கேள்வி கிழிந்துபோன பக்கத்தில் போய்விட்டது.

அந்தக் கேள்வியைத்தான் டீச்சர் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பார்த்ததை மட்டும் சொல்கிறவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.