அனாமத்துக் கணக்கும் ரெக்ரெஷன் டெஸ்ட்டும்

பி.காம். முதல் வருடம் படித்தவர்கள் யாரும் அனாமத்துக் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்தில் போடு, சமன் ஆகிவிடும்! பிழை கிடைக்கும்வரை தற்காலிக ஏற்பாடு என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் பரீட்சை ஹாலில் மணி அடிக்கும் நேரத்தில் அதுவே தப்பிக்கும் வழியாகிவிடுகிறது.

கம்ப்யூட்டர் துறையிலும் இப்படி ஒரு அனாமத்துக் கணக்கு இருக்கிறது. கதை டேட்டாபேஸில் ஆரம்பிக்கிறது.

அம்மா கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு 1000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கழிக்க வேண்டும், இன்னொரு பக்கம் கூட்ட வேண்டும். நம்ம இரட்டைப் பதிவு முறையேதான். நடுவில் கரண்ட் போனால் முதல் பதிவும் இல்லாமல் போக வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக்கூடாது. இதற்குப் பெயர் டிரான்சாக்‌ஷன். பழைய நிலைக்குத் திரும்புவது ரோல்பேக்.

போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 2005-ல் வந்த 8.0 பதிப்பில் சேவ்பாயிண்ட் சேர்ந்தது. முழுவதும் திரும்பாமல் குறித்த இடம் வரை மட்டும் திரும்பலாம். நல்ல வசதிதான். ஆனால் புதியதைச் சேர்க்கும்போது பழையது கெட்டுவிட்டால்? அதைப் பிடிப்பதுதான் ரெக்ரெஷன் டெஸ்ட். கட்டளைகள் ஒரு ஃபைலில், வர வேண்டிய விடை இன்னொரு ஃபைலில். ஓட்டிப் பார்த்து வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். ரொக்கப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பது போல!

ஒரே ஆள் வேலை செய்யும்வரை இது சுலபம். இரண்டு பேர் வந்தால்தான் தலைவலி. கணவன், மனைவி கணக்குகளில் ஆளுக்கு 500 ரூபாய். ஒரு கணக்கு மைனஸில் போகலாம், ஆனால் இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், மொத்தம் 1000 இருக்கிறது. இருவரும் தன் தன் கணக்கிலிருந்து 1000 எடுக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யார் மேலும் தப்பில்லை, ஆனால் மொத்தம் மைனஸ் 1000!

2011-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.1-தான் இதைக் கண்டுபிடித்து ஒருவரைத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்டது (சீரியலைசபிள் என்ற கண்டிப்பான முறையில் மட்டும்). அதைச் சோதிக்கத் தனிக் கருவியும் கூடவே வந்தது. இருவரின் படிகளையும் மாற்றி மாற்றிக் கோத்து ஓட்டும். ஆளுக்கு 2 படி என்றால் 6 வரிசை. 3 படி என்றால் 20. மூன்று பேர், ஆளுக்கு 3 படி என்றால் 1680! எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். எது ஆபத்தான வரிசை என்று யோசித்துப் பொறுக்குவதுதான் நிர்வாகம்.

சரி, அனாமத்துக்கு வருவோம். டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. சில சமயம் காரணம் அற்பமானது. 'ஆர்டர் பை' போடாததால் வரிகள் இடம் மாறியிருக்கும், அல்லது பிழைச்செய்தியின் வாசகத்தைத் திருத்தியிருப்பார்கள். அப்போது புது விடையை எடுத்து 'வர வேண்டிய விடை' ஃபைலில் போட்டுவிடுவார்கள். பத்து தடவை இப்படிச் செய்தால் கை பழகிவிடும். பதினோராவது தடவை வந்தது உண்மையான பிழையாக இருந்தால்?

தப்பான விடையே சரியான விடையாகிவிடும். அன்று முதல் அந்த டெஸ்ட் பிழைக்கே காவல் நிற்கும். யாராவது அதைச் சரி செய்தால், அவரைத்தான் ஃபெயில் என்று சொல்லும்!

அதனால் பொய் அலாரங்களை முதலில் ஒழிக்க வேண்டும். 'ஆர்டர் பை' போடுவது சின்ன வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கும். காரணம் தெரிந்த பிறகு விடையை மாற்றினால் அது திருத்தப் பதிவு. தெரியாமல் மாற்றினால் அனாமத்து.

அனாமத்தில் போட்டது மாணவனுக்கு இரண்டு மார்க். இங்கே போவது யாரோ ஒருவரின் சம்பளப் பணம்.