முகம் தெரிய வேண்டும்

படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர் மிகச் சின்னக் கேள்வி ஒன்றைத்தான் கேட்டார்.

"கண்ணாடி போடட்டுமா, அக்ரிலிக் போடட்டுமா, ஸார்?"

பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. நடுவில் இரண்டாவது உலக யுத்தம் குறுக்கிட்டுவிட்டது.

படம், காலம்சென்ற என் மனைவியுடையது. 1974-ல் எடுத்தது. முதல் பிரதியைக் கண்ணாடிக்கு நேர் அடியில் வைத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் சுவர் ஓதம் வாங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்துவிடலாம் என்று நினைத்தேன். உரித்தேன். வலது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இப்போது இருப்பது மைத்துனியின் ஆல்பத்திலிருந்து கேட்டு வாங்கிய கடைசிப் பிரதி.

அக்ரிலிக் என்றதும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் பார்த்த படம் ஞாபகம் வந்தது. அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்ட 45 கோல்ட் கைத்துப்பாக்கி. அதன் பிடியில் இரு பக்கமும் ஒவ்வொரு தகடு, தகட்டுக்கு இரண்டு திருகாணி. யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் சிலர் அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒளி ஊடுருவும் தகடு ஒன்றைச் செதுக்கி வைத்தார்கள். அதற்கு அடியில் ஊரில் இருப்பவளின் புகைப்படம். 'ஸ்வீட்ஹார்ட் கிரிப்' என்று அதற்குப் பெயரே உண்டு.

எதைக் கொண்டு செதுக்குவது? கண்ணாடி ஒருமுறை கல்லில் விழுந்தால் தீர்ந்தது; திருகாணிக்குத் துளை போடுவதற்குள்ளேயே விரிந்துவிடும். செல்லுலாய்டு நாளாக ஆக மஞ்சளாகும்; தீ என்றால் அதற்கு ரொம்பப் பிரியம். துப்பாக்கியில் வைக்க உகந்த வஸ்து அல்ல. மிஞ்சியது அக்ரிலிக். ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஓட்டோ ரோமின் கம்பெனி 1933-ல் இதற்கு 'பிளெக்ஸிகிளாஸ்' என்று பெயரிட்டது. இங்கிலாந்தில் 'பெர்ஸ்பெக்ஸ்'. ஆகாய விமானங்களின் ஜன்னலும் கூண்டும் இதனால்தான் ஆகியிருந்தன. விழுந்து கிடக்கும் விமானத்துக்கு யுத்த பூமியில் என்ன பஞ்சம்? ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். கனமும் கண்ணாடியில் பாதிக்குக் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. சீக்கிரம் கீறல் விழும்; சாராய வகைத் திரவம் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்புக் காணும். 1953-ல் பாலிகார்பனேட் கண்டுபிடித்தார்கள். சுத்தியலுக்கும் அசையாது, ஆனால் கீறல் இன்னும் சுலபமாக விழும், விழுந்ததைத் தேய்த்துப் போக்குவதும் கஷ்டம். இன்றைக்கு ஒருவர் அப்படி ஒரு பிடி செய்ய வந்தால் அக்ரிலிக் என்றே நான் சொல்வேன். பிடி குண்டைத் தடுக்கப் போவதில்லை. முகம் தெரிந்தால் போதும்.

சிலர் ஒரு பக்கத்தில் படம் வைக்காமல் வெறுமையாக விட்டார்களாம். தோட்டாக் கூட்டில் உள்ள துவாரங்கள் வழியே ஏழில் எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அவள் முகம், மறு பக்கம் கணக்கு. குடும்பஸ்தர்களுக்கு இது புதிதல்ல.

மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு ஒன்று தோன்றியது. துப்பாக்கியைக் கையில் பிடித்தால் அந்தப் படம் தெரியாது! உள்ளங்கை ஒரு பக்கத்தையும் விரல்கள் மறு பக்கத்தையும் மூடிவிடும். அவ்வளவு பாடுபட்டுத் தெளிவாக்கிய ஜன்னல், சுடுகிற நேரத்தில் இருட்டு. ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்குத்தான் அவள் முகம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் கடைக்குப் போய் அக்ரிலிக் என்றேன்.

"கீறல் விழுமே, ஸார்."

"விழட்டும். படம் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அது முக்கியம்."

அவர் சுற்றிலும் தடித்த அட்டை வைத்து இடைவெளி விட்டுக் கட்டிக் கொடுத்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். இப்போது அது சுவரில் இல்லை, என் மேஜைமேல் இருக்கிறது. பழைய வேஷ்டித் துண்டை ஈரம் பண்ணித் துடைக்கிறேன். இடது ஓரத்தில் அதற்குள் ஒரு கீறல். முகத்தின்மேல் இல்லை.