காசிக்கு ஒரு ஸ்வெட்டர்

"காசிக்கு முன்னே திருப்பனந்தாள் போய்ட்டு வரணும்" என்றார் மாமியார். குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் வழிவந்த காசி மடம் இங்கேதானே! கும்பகோணத்திலிருந்து பஸ், என் மடியில் உல்லன் நூல். தஞ்சாவூர் வெயிலில் கம்பளியா என்று சிரிக்காதீர்கள். ஜனவரி விடியலில் காசியில் பத்து டிகிரிதான்; மாமியாருக்கோ வீசிங். கங்கையில் முழுகியே தீருவாராம்!

இத்தலத்தில் தாடகை மாலை சாத்தும்போது மேலாடை நழுவியதாம். அவள் மானம் காக்கச் சிவனே தலை சாய்த்தாராம். மாமியாருக்கு முதுகு கூன். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் நீளமாகப் பின்னுங்கள். குனிந்தால் இடுப்பு வரை மூடும். நிறமா? பிராகாரத்தில் தல விருட்சமான பனையைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது: குருத்தோலையின் இளமஞ்சள்.