கைமாறிய சத்ரியா

கிள்ளானில் இன்று என் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ-யை விற்றேன். அமெரிக்கர்களுக்கு மஸ்டாங் என்றால் மலேசியர்களான நமக்கு இதுதான். 1.8 லிட்டர் மிட்சுபிஷி என்ஜின், லோட்டஸ் பக்குவப்படுத்திய சஸ்பென்ஷன். 1996-இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கியதால் கிடைத்த வரம்.

வாங்க வந்த பிரிக்பீல்ட்ஸ் தம்பி பளபளப்பில் மயங்கவில்லை. பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, சேசிஸ் நம்பரைக் கிராண்டோடு (காடியின் உரிமைச் சான்றிதழ்) ஒப்பிட்டார். சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ வேடம் போட்டு விற்பவர்களும் உண்டே! "அண்ணே, சீட் துணிகூட மாத்தாம வச்சிருக்கீங்க" என்றார். மனசு நிறைந்துவிட்டது. கூடுதல் விலை சொன்ன புரோக்கருக்குக் கொடுக்கவில்லை. அவர் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிடுவார்.

பழைய காடி வாங்கும் நண்பர்களே, புஸ்பகோம் வாகனச் சோதனை முடிந்து, ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.