இருட்டில் ஏறிய மலை

எனக்கு உயரம் என்றால் பயம். மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. அலுவலகத்தில் எல்லாரும் பெயர் கொடுத்தார்கள் என்று கினபாலு மலையேற நானும் கொடுத்துவிட்டேன். மலேசியாவின் ஆக உயர்ந்த இடம், 4,095 மீட்டர்.

முதல் நாள் நடையில் பயப்பட ஒன்றுமில்லை. 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலிலிருந்து பானலாபான் விடுதி வரை படிகள், மரவேர்கள், மறுபடியும் படிகள். இருபுறமும் காடு பள்ளத்தை மறைத்துக்கொள்கிறது. மாலிம் குனோங் எனப்படும் வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் டூசுன் இனத்தவர். காலில் ‘அடிடாஸ் கம்போங்’, நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. என் விலையுயர்ந்த பூட்ஸ் வழுக்கிய இடங்களில் அது வழுக்கவில்லை.

பின்னிரவு இரண்டரைக்குக் கிளப்பினார்கள். பகல் ஏறினால் மேகம் கவிந்துவிடும். மழை பிடித்தால் பாறையில் கால் நிற்காது. சாயாட் சாயாட் சாவடியைத் தாண்டியதும் வெறும் கிரானைட். தலைவிளக்கில் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் கயிறும் முன்னால் போகிறவரின் குதிகாலும்தான். “பெலான் பெலான்”, மெதுவாக மெதுவாக என்றபடியே வழிகாட்டி கூட்டிப்போனார். லோஸ் பீக் உச்சியில் பலகையோடு படம் எடுத்துக்கொண்டதோடு சரி. குளிரில் பரவசமெல்லாம் வரவில்லை.

விடிந்து திரும்பியபோதுதான் ஏறிவந்த சரிவைப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஒரு புல்லும் இல்லாத பாறை, கீழே மேகத்துக்குள் போய் முடிந்தது. 2015 நிலநடுக்கத்தில் இந்த மலையில்தான் 18 பேர் இறந்தார்கள் என்பது அப்போதா நினைவுக்கு வர வேண்டும்! உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கீழே வந்து பள்ளத்தை மறைத்து நின்று, தன் முதுகை மட்டும் பார்த்து நடக்கச் சொன்னார். பாதித் தூரம் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினேன்.

பிறகு அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. மலையில் அந்த முதுகை மட்டும் பார்த்து இறங்கியதுபோல, டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்பேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் என்னால் ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்க முடியாது. தங்கைக்கு இது பிடிக்கவில்லை. “எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சிக்காம எப்படிண்ணே இருக்கே?” என்று சண்டை போட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். கடைசியில் டாக்டரிடம் அவளே பேசினாள். நான் வெளியே அம்மாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.